மரத்துக்குக் குல்லா போட்டவன்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்காரம்மா என் மரத்தின் குருத்தை இரண்டு விரல்களால் பிடித்தார்.

"இழுக்கட்டோ தம்பி?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். ரெசிடென்ஸ் விசா ஈமெயிலைத் திறந்த அன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை.

இழுத்தால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று. குருத்து கையோடு வந்துவிட்டால் மரம் செத்துவிட்டது என்று அர்த்தம்; அந்த இடத்தில் கான்கிரீட். வராமல் நின்றால் மரம் பிழைத்துவிட்டது. மண் மண்ணாகவே இருக்கும். இவ்வளவுதான் பரீட்சை. நான் எழுதிய எல்லாப் பரீட்சைகளையும்விடச் சின்னது... பயம் மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரியது.

கொஞ்சம் பொறுங்கள். அவர் விரல் அங்கேயே இருக்கட்டும். கதையை ஜூலையிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் அந்தப் பயம் புரியும்.

நானும் என் மனைவி தேன்மொழியும் நியூசிலாந்தில், ஆக்லாந்து பக்கம் தகனினியில், வீட்டுக்காரம்மா யோகா அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன கிரானி ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ரெஸ்ட் ஹோம் ஒன்றில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். குழாய் ஒழுகினால் சொன்ன அன்றே ஆள் வரும். குப்பைத் தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைத்தால் சொல்லாத அன்றே திட்டு வரும்.

கேட்டிலிருந்து எங்கள் கதவு வரை ஒரு டிரைவ்வே. அதன் ஓரமாக ஆறடி அகலத்துக்கு ஒரு மண் பட்டை. புல் மட்டும்தான் இருந்தது. தினமும் ரயிலுக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஆசையாக இருக்கும்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை கறிவேப்பிலைச் செடி வாங்க நர்சரிக்குப் போனோம். கறிவேப்பிலை இல்லை. அதற்குப் பதிலாக மூலையில் மூன்று ஃபாக்ஸ்டெயில் பாம் கன்றுகள். இடுப்பு உயரம். நரி வாலைப் போல இலை புசுபுசுவென்று இருக்கும், அதனால் அந்தப் பெயர். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடக்கு மூலை, நல்ல வெயில் தேசம். நம்மைப் போலவே வேறு எங்கோ இருக்க வேண்டியது, இங்கே வந்து நிற்கிறது.

"கறிவேப்பிலைக்கு வந்தோம்," என்று தேன்மொழி நினைவுபடுத்தினாள்.

"ஆமா."

"இதைத் தாளிக்க முடியாது."

மூன்றையும் வாங்கினேன்.

அன்றே ஊருக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார்.

"தென்னங்கன்னாடா கண்ணு?"

"தென்னை இந்தக் குளிருக்கு வராதுங்கப்பா. இது தென்னைக்குப் பங்காளி."

"காய்க்குமா?"

"காய்க்கும். திங்க முடியாதுங்க."

"அப்புறம் என்னத்துக்குடா அது?"

என்னத்துக்கு? உங்களிடம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கிறவர். தரையில் ஊன்றிய கூர்மையான இரும்புக் கம்பியில் குத்தி, ஒரு திருப்புத் திருப்பினால் மட்டை தனி, காய் தனி. அம்மா நார் மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுச் சோறு, என் புத்தகம், என் காலேஜ் எல்லாம் தென்னையிலிருந்து வந்ததுதான். ஆனால் ஒரு மரம்கூட எங்களுடையது கிடையாது. எல்லாம் தோட்டத்துக்காரர் மரம். கீழே விழுந்து கிடக்கிற ஓலையைக்கூடக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முதன்முதலாக ஒரு மரத்தை 'என் மரம்' என்று சொல்கிறவனும் நானாக இருந்தால் என்ன? வாடகை வீட்டு மண்ணாக இருந்தால்தான் என்ன?

இது எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே பேச்சை மாற்றினார்.

"செரி, வாங்கிப்போட்ட. ஆடி பொறந்துருச்சு. சட்டுனு நட்டுப்போடு."

இங்கேதான் முதல் தவறு. ஆடிப்பட்டம் என்றால் நம் ஊரில் விதைக்கிற, நடுகிற காலம். இது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. கன்றின் தொட்டியில் ஒரு லேபிள் இருந்தது. பனி பயம் போன பிறகு நடவும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஊரில் மருந்து அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை தெருவுக்கே படித்துச் சொன்னவன் நான். அந்த லேபிளையும் படித்தேன். நாலு பக்கமும் படித்தேன். படித்துவிட்டு அப்பா சொன்னதையே செய்தேன்.

ஏனென்றால் பனி என்றால் எனக்கு என்ன தெரியும்? ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுக்கு மேலே வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது. அது தோட்டத்துக்கு வரும் என்று யார் கண்டது?

ஆடி அதே ஆடிதான். பூமிதான் தலைகீழாக இருக்கிறது. ஆக்லாந்தில் ஆடி என்பது குளிர்காலத்தின் நட்டநடு.

நடுவதற்கு முன் அக்காவிடம் அனுமதி கேட்டேன். "நடும் தம்பி," என்றார். "ஆனா சொல்லிப்போட்டன், உது பிள்ளையின்ர கார் நிப்பாட்டுற இடம். அவள் லைசென்ஸ் எடுத்த உடன கொங்கிறீற் போடப் போறன்."

அக்கா மகளுக்குப் பதினேழு வயது. லைசென்ஸ் எப்போது வரும் என்று நான் விசாரிக்கவில்லை. நட்டேன்.

ஐந்தாம் நாள் காலை கதவைத் திறந்தால் புல் வெள்ளையாக இருந்தது. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அழகாக இருக்கிறது என்று போட்டோகூட எடுத்தேன். எடுத்த பிறகுதான் மரங்களைப் பார்த்தேன். கேட் பக்கத்துக் கன்று கொதிநீரில் முக்கி எடுத்த கீரையைப் போலத் துவண்டு நின்றது. மூன்று நாளில் பழுப்பு. ஒரு வாரத்தில் விளக்குமாறு.

அக்கா வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்.

"செத்துப்போச்சுது என்ன?"

"ஒண்ணுதான் போச்சுக்கா. ரெண்டு இருக்கு."

"பிள்ளைக்கு ஒக்ரோபரில டிரைவிங் டெஸ்ட் இருக்கு. ஒக்ரோபர் கடைசியில வாற லேபர் வீக்கெண்ட் வரைக்கும் விடுறன். நிக்கிற ரெண்டும் அண்டைக்கு உயிரோட நிக்க வேணும். ஒண்டு செத்தாலும் கொங்கிறீற். பிறகு வந்து என்னோட கதைக்கக் கூடாது."

"ரெண்டும் நிக்கும்கா."

"பாப்பம்."

அந்த 'பாப்பம்' இருக்கிறதே, யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதை ஒரு தினுசாகச் சொல்வார்கள். கோர்ட்டில் அடுத்த வாய்தா கொடுக்கிற மாதிரி இருக்கும்.

அன்று முதல் நான் ஆளே மாறினேன். வானிலை ஆப்பை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்த்தேன். மேகமும் காற்றும் இருந்தால் தப்பித்தோம். காற்றே இல்லாமல் வானம் பளிச்சென்று இருந்தால்தான் மறுநாள் பனி. ஆபீசில் எல்லோரும் "என்ன அருமையான வானம்" என்று மாலையில் ஜன்னல் ஓரம் நிற்பார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும்.

பனித்துணி என்று நர்சரியில் மெல்லிசாக வெள்ளைத் துணி விற்கிறார்கள். அதை வாங்கினேன். இலைகளையெல்லாம் மேலே தூக்கி, கயிற்றால் தளர்வாகக் கட்டி, சுற்றினேன். வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பினேன். பழைய தீபாவளி சீரியல் லைட், கொஞ்சம் சுடுகிற பழைய ரகம், அதைத் தண்டில் சுற்றிவிட்டேன். இருட்ட ஆரம்பித்தால் ஸ்விட்ச். தெருவில் போகிறவர்கள் ஏதோ பண்டிகை என்று கையசைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் நாம் யார்? குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் போகும் என்று நம்புகிற ஜனம். மார்கழியில் இருபது டிகிரிக்கே மஃப்ளர் சுற்றுவோம். ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் குழந்தை தலைக்கு மங்கி குல்லா ஏறிவிடும். நான் நியூசிலாந்துக்குக் கிளம்பும்போது அம்மா வாங்கிக் கொடுத்ததும் அதுதான். மரூன் கலர், கம்பளி. ஏர்போர்ட்டிலேயே கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அன்றிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

அதை எடுத்து, மிச்சம் இருந்த இரண்டில் முதல் மரத்தின் தலையில் மாட்டினேன். கட்டிய இலைகளின் உச்சி கச்சிதமாக உள்ளே போனது. அடுத்த மரத்துக்குக் குல்லா இல்லை. அதற்காக வருத்தப்பட்டேன் என்றால் பாருங்கள்.

தேன்மொழி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"கண்ணு தெரியிற மாதிரி இழுத்து விடுங்க. பாவம், மூச்சு முட்டப் போகுது."

"கிண்டலா?"

"இல்லைங்க. ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கணும்ல."

பனி குல்லாவைத் தாண்டவில்லை. சத்தியமாகத் தாண்டவில்லை. ஆனால் அடுத்த வாரம் மழை பிடித்தது. ஆக்லாந்து மழை தெரியும்தானே, நிற்பது போல நின்று மறுபடி வரும். பத்து நாள். மழை நாளில் பனி வராது என்று நான் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன். துணியையும் அவிழ்க்கவில்லை, குல்லாவையும் கழற்றவில்லை. உள்ளே சௌக்கியமாகத்தானே இருக்கும்?

கம்பளி என்ன செய்யும்? மழையை முழுக்கக் குடித்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் குருத்துக்குள் இறக்கும். பத்து நாள் அதைத்தான் செய்திருக்கிறது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். பிரிக்கும்போதே வாடை. ஈர சாக்கில் உருளைக்கிழங்கு அழுகின வாடை. பாம் மரத்துக்குக் கிளை கிடையாது. ஒரே ஒரு குருத்து. நடுவில் ஈட்டி போல மூடிக்கொண்டு வரும். அதுதான் அதன் தலை, அதன் உயிர், எல்லாம். நான் வேலையில் சாஃப்ட்வேர் டெஸ்டர். இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். மெதுவாக இழுத்தேன்.

வந்துவிட்டது. வெண்ணெயில் இருந்து முடி வருகிற மாதிரி. அடிப்பக்கம் கறுப்பு, கொழகொழ.

கையில் குருத்தோடு ஈர வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். பனி கொன்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இது நான் செய்தது. அதுவும் அக்கறையாகச் செய்தது.

தேன்மொழி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பாட்டனி டவுன்ஸ் என்கிற இடத்தில் ஒரு பார்மசியில் வேலை பார்க்கிறாள். இப்போது கிண்டல் இல்லை.

"இது புண்ணுங்க," என்றாள்.

"தெரியுது."

"ஈரப் புண்ணு மேல யாராவது ஸ்வெட்டர் போடுவாங்களா? முதல்ல சுத்தம் பண்ணணும். அப்புறம் காய விடணும். அவ்வளவுதான்."

குருத்தழுகல். தென்னைக்கும் இது வரும், ஊரில் பார்த்திருக்கிறேன். வந்தால் தோட்டத்துக்காரர் வெட்டச் சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு ஆயிரம் மரம். எனக்கு இரண்டு.

வெட்டவில்லை. அழுகியதை டீஸ்பூனால் சுரண்டினேன், வெள்ளையாகக் கெட்டியான இடம் தெரிகிற வரை. தேன்மொழி புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வந்தாள். ஊற்றினோம். குழிக்குள் சோடா போல நுரைத்தது. துடைத்தோம். மூன்று நாள் விட்டு மறுபடியும். நுரை குறைந்தது. பிறகு செம்பு மருந்து ஒன்று தெளித்தேன். மேலே மழை விழாமல் நாலு குச்சி நட்டு, தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சரிவாகக் கட்டினேன். பக்கமெல்லாம் திறப்பு. பனித்துணி மாலையில் ஏறும், காலையில் ரயிலுக்கு ஓடுவதற்கு முன் இறங்கும். ஒரு நாள் தவறவில்லை. இரண்டு முறை ரயில் தவறியது.

அக்கா கவனித்துக்கொண்டேதான் இருந்தார்.

"தலை இல்லாத மரத்துக்குக் கூரை கட்டுறீர்," என்றார் ஒரு நாள்.

"வரும்கா."

"எங்கட ரெஸ்ட் ஹோமில ஆக்கள் இப்பிடித்தான் சொல்லுவினம். சில பேர் எழும்பியும் இருக்கினம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அது ஆறுதலா, எச்சரிக்கையா? இன்றுவரை தெரியாது.

ஆகஸ்ட் முடிந்தது. செப்டம்பர் முழுக்க ஒன்றுமில்லை. நடுவில் ஒரு குழி, சுற்றி நாலு பழைய இலை. தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு குழியை ஒருவன் எவ்வளவு நாள் பார்க்க முடியும்? அறுபது நாளுக்குப் பக்கமாகப் பார்த்தேன். அக்டோபர் முதல் வாரம் அக்கா மகள் டெஸ்ட் பாஸ் செய்தாள். வீட்டுக்கே வந்து கேக் கொடுத்தாள். பாவம், நல்ல பெண். அந்தக் கேக்கை விழுங்க நான் பட்ட பாடு.

அதற்கு அடுத்த புதன்கிழமை, குழியின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி.

பாசியோ என்று நினைத்தேன். வியாழன் அன்று அது அரிசி அளவு. ஞாயிற்றுக்கிழமை நெல்லைவிட நீளம். தேன்மொழியைப் பல் துலக்கும்போதே இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். வாயில் நுரையோடு அவள் என் தோளில் ஒன்று வைத்தாள். சந்தோஷ அடிதான். இருந்தாலும் வலித்தது.

லேபர் வீக்கெண்ட் வருவதற்குள் குருத்து விரல் நீளம்.

ஆகவே மறுபடியும் போன சனிக்கிழமை. காலை பத்து மணி. ஒரு மரம் ஏற்கெனவே தேறிவிட்டது. குல்லா கிடைக்காத அந்த அதிர்ஷ்டசாலி புது இலையே விரித்துவிட்டது. மிச்சம் இது. அக்கா குனிந்து பார்த்தார்.

"பச்சையாத்தான் கிடக்கு. உள்ளுக்க அழுகியிருந்தா?"

"இழுத்துப் பாருங்கக்கா. அழுகியிருந்தா கையோட வந்துடும்."

என் வாய்தான் இதைச் சொன்னது. சொன்ன பிறகுதான் யோசித்தேன்... படுக்கையில் கிடக்கிற ஆறடி ஆட்களை நாள் முழுக்கப் புரட்டிப் படுக்க வைக்கிற கை அது.

"இழுக்கட்டோ தம்பி?"

இழுத்தார். ஒப்புக்கு இல்லை. நேர்மையாக இழுத்தார். இலையெல்லாம் நடுங்கியது. தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரவில்லை.

விரலை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை இழுத்தார்.

வரவில்லை.

அக்கா நிமிர்ந்து விரலை ஜீன்ஸில் துடைத்தார். "விடமாட்டன் எண்டு நிக்குது," என்றார். "சரி. கதைச்சா கதைச்சதுதான். கார் ரோட்டில நிக்கட்டும்."

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது ஒரே கேள்விதான். "அக்கா, நாங்க வீடு மாறினா இந்த மரம்?"

"மண்ணில நட்டது வீட்டோடதான் சேரும். அதுதானே வழக்கம்?"

வழக்கம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. அக்கா என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். எங்கள் வாடகை ஒப்பந்தப் பேப்பரோடு வந்தார். காரின் பானெட்டில் வைத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். "நீரும் போடும்," என்று பேனாவை நீட்டினார்.

வாசகர்களே, நமக்கெல்லாம் பொத்திப் பொத்தி வளர்க்கத் தெரியும். மூச்சு விட இடம் வைத்துப் போர்த்துவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு டீஸ்பூன் அழுகலைச் சுரண்டி இந்தக் குளிர்காலத்தில் நான் கற்றது இவ்வளவுதான். மரத்துக்கு மட்டுமா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைத் தமிழில் படித்தேன். "டிரைவ்வே ஓரமாக நிற்கிற இரண்டு பாம் மரங்களும் வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்தம். வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போகலாம்."

அப்பா அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மறுக்கா படி," என்றார்.

படித்தேன்.

"தேதி போட்டிருக்குதா?"

"போட்டிருக்குதுங்கப்பா."

"கையெழுத்து?"

"ரெண்டு பேருதும் இருக்குதுங்க."

"உங்கம்மா இங்கதான் நிக்கறா. அவளுக்குக் கேக்கற மாதிரி இன்னொருக்கா படி."

படித்தேன். அம்மா ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அப்பா பேசினார்.

"செரி, போனை வெய்யி. போயி உன்ற மரத்தப் பாரு."

வைத்தேன். போய்ப் பார்த்தேன்.